கறிக்குள் மறைந்திருக்கும் மரக்கறி

மாலை விளக்கேற்றிய பின் நம் வீடுகளுள் எதனை எட்டிப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான் கண்ணிற் படும். பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்கின்றனர். அப்பளம் முதலிலே தீர்ந்துவிடுகிறது. பொரித்த மீன் அடுத்துப் போகிறது. சோறும் மெல்லக் குறைகிறது. ஆனால் பீங்கானின் ஓரத்திலே பயற்றங்காயும் கீரை வறையும் கத்தரிக்காய்த் துண்டுகளும் சேர்ந்து ஒரு சிறு மதில்போல எழுந்து நிற்கின்றன. தாய் கெஞ்சுகிறாள். தந்தை அதட்டுகிறார். "இரண்டு வாய் மட்டும் தின், ராசா" என்று அம்மம்மா இடையிலே புகுந்து சமாதானம் பேசுகிறாள். ஈற்றிலே பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறது. மதில் மட்டும் அப்படியே நிற்கிறது.

நாள்தோறும் நடக்கும் இந்தப் போரிலே களைத்துப்போன தாய்மார் பலர் இன்று ஒரு சூழ்ச்சியைக் கைக்கொள்கின்றனர். மரக்கறியை அவித்து மசித்தோ, நுண்ணிதாகத் துருவியோ, பிள்ளை விரும்பி உண்ணும் உணவினுள்ளே கண்ணுக்குத் தெரியாதபடி கலந்துவிடுகின்றனர். 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே இம்முறையை விளக்கும் சமையல் நூல்கள் இரண்டு வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டன. இம்முறையால் உண்மையிலே பயன் உண்டா? நமது அடுக்களைக்கு இது ஏற்குமா? பெற்ற பிள்ளையை ஏமாற்றுவதாக இது முடிந்துவிடாதா? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

மரக்கறி எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஓர் அளவு கூறுகிறது. 2 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளை மரக்கறியும் பழமுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராம் உண்ணுதல் வேண்டும். 6 முதல் 9 வயது வரை அது 350 கிராமாகும். 10 வயது தொடக்கம் பெரியோர் வரை 400 கிராம். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் வத்தாளங்கிழங்கும் இக்கணக்கிற் சேர்வதில்லை; அவை மாப்பொருள் மிகுந்தவையாதலின் சோற்றோடு வைத்து எண்ணப்படுவன. "எங்கள் பிள்ளை உருளைக்கிழங்குக் கறி நன்றாகத் தின்னும்" என்று மகிழும் தாய்மார் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

பூசணி, கரட், முருங்கையிலை, பழுத்த பப்பாசி முதலியவற்றிலுள்ள கரற்றீன் என்னும் பொருளை எமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது மிகக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளரும். கீரைகளிலே இரும்புச்சத்தும் போலேற்றும் உள. இவை குறையும்போது இரத்தச்சோகை ஏற்படுகிறது. சோகை கொண்ட பிள்ளை வகுப்பிலே சோர்ந்திருப்பதைச் சோம்பல் என்று கருதி நாம் கடிந்துகொள்கிறோம். மரக்கறியின் நார்ப்பொருள் மலச்சிக்கலைத் தவிர்க்கிறது. ஆகவே பீங்கானின் ஓரத்திலே எழும்பும் அந்த மதிலைச் சிறு காரியமென்று தள்ளிவிடுதல் இயலாது.

செலவும் சிந்திக்கத்தக்கது. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அந்நாள்களில் ஒரு கட்டுக் கீரைக்கும் கால் கிலோ கரட்டுக்கும் எத்தனை முறை பணப்பையைத் திறந்து பார்த்தோம் என்பதை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்கமாட்டாள். அவ்வாறு வாங்கிச் சமைத்தது உண்ணப்படாமல் எச்சிலாகப் போவதைக் காணும் தாய் ஒரு சூழ்ச்சியை நாடினால் அவளைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

பிள்ளை ஏன் மறுக்கிறது?

மரக்கறியை மறுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டிவிடுதல் நீதியன்று. பிறந்த குழந்தையின் நாவுக்கே இனிப்பு உவப்பாகவும் கைப்பு வெறுப்பாகவும் இருக்கின்றன. இயற்கையிலே நஞ்சுகள் பல கைப்பானவை. ஆதலால் இந்த வெறுப்பு ஒரு காவலாகவே அமைந்தது எனலாம். பிள்ளை தானாக நடந்து திரியத் தொடங்கிய பின், ஏறத்தாழ இரண்டாம் வயதிலிருந்து, புதிய உணவு எதனையும் ஐயத்தோடு நோக்கும் இயல்பும் மிகுகிறது. முன்னர் விருப்போடு தின்ற பூசணியை ஒரு நாள் திடீரெனத் தள்ளிவிடுவதும் இதனாலேதான். பெரும்பாலான பிள்ளைகளிடம் இவ்வியல்பு வளர வளரத் தணிந்துவிடுகிறது.

எல்லோருடைய நாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதற்கு மாணவர்கள் விரும்பத்தக்க ஒரு செய்தி உண்டு. 1931 ஆம் ஆண்டில் ஆதர் பொக்ஸ் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் ஆய்வுகூடத்திலே ஒரு தூளைக் கையாண்டுகொண்டிருந்தார். தூள் காற்றிலே பறந்தது. அருகிலிருந்தவர் நாக்கெல்லாம் கைக்கின்றது என்று முறையிட்டார். பொக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, அப்பொருளின் கைப்பைச் சிலர் கடுமையாக உணர்வர், சிலர் உணரவே மாட்டார் என்பதும், இவ்வேறுபாடு பரம்பரையாக வருவதென்பதும் தெரியவந்தன. கோவாவும் முள்ளங்கியும் சேர்ந்த குடும்பத்துத் தாவரங்களில் அத்தூளை ஒத்த அமைப்புடைய கைப்புப் பொருள்கள் உள்ளன. ஒரே வீட்டில் அண்ணன் கோவா வறையை அள்ளித் தின்ன, தம்பி முகஞ்சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஒருவனுக்கு இதமாயிருப்பது மற்றவனுக்கு உண்மையிலேயே கைக்கின்றது.

எமது பாட்டிமார் அறிந்த வித்தை

மரக்கறியைப் பிற உணவோடு கலந்து கரைத்துவிடுதல் மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். ஒடியல் மாவைக் கரைத்து விட்டுக் காய்ச்சும் அப்பானையிலே பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் முருங்கையிலையும் மீனும் நண்டும் இறாலும் புளியும் மிளகாயும் ஒன்றாகக் கூடுகின்றன. பலாவிலையைக் கோலி அதிலே கூழை வார்த்துக் குடிக்கும் பிள்ளை, "இதில் எத்தனை மரக்கறி உண்டு?" என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

கீரைப் பிட்டும் அத்தகையதே. ஒடியற் பிட்டினுள் கீரையும் பிஞ்சுக் காய்களும் சேர்த்து அவிப்பதும் உண்டு. நண்டுக் கறி இறக்கும் வேளையில் ஒரு பிடி முருங்கையிலையைத் தூவுவது எம்மவர் வழக்கம். முட்டையோடு முருங்கையிலையைச் சேர்த்து வறுப்பதும் நெடுநாள் வழக்கமே. வல்லாரையும் பிற இலைகளும் பிழிந்த சாற்றிலே காய்ச்சும் இலைக்கஞ்சியை எமது ஊர்களிற் போலவே, சிங்கள மக்களும் கொலகெந்த என்ற பெயரால் விடியற்காலையிற் பருகி வருகின்றனர்.

இவற்றுக்கும் இன்று பேசப்படும் மறைப்புச் சமையலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டி கீரைப் பிட்டு அவித்தபோது அதனைக் கீரைப் பிட்டு என்றே சொன்னாள். மரக்கறி கலந்திருந்தது, ஆயினும் பெயர் மறைக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டைச் சிறிது நேரம் மனத்தில் வைத்திருங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

ஆராய்ச்சி கண்ட உண்மை

மறைத்துக் கொடுத்தால் பிள்ளை உண்மையில் கூடுதலாக மரக்கறி உண்கிறதா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்து 2011 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 3 முதல் 5 வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளுக்குக் காலை, மதியம், இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் வழக்கமான உணவையே கொடுத்தனர். சில நாள்களில் மட்டும் அவ்வுணவினுள்ளே மசித்த மரக்கறி சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் எந்நாளும் ஏறத்தாழ ஒரே நிறையுள்ள உணவையே உண்டனர். மரக்கறி மிகுதியாகக் கலந்த நாளில் அவர்கள் உட்கொண்ட மரக்கறியின் அளவு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. பக்கத்திலே தனியாக வைத்த மரக்கறியை உண்பதும் அதனாற் குறையவில்லை.

அதே ஆராய்ச்சியில் எமது தாய்மார் ஊன்றி நோக்கவேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. மரக்கறி கூடிய நாளிலே பிள்ளைகள் பெற்ற கலோரி 12 சதவீதம் குறைந்தது. உடல் பருத்த பிள்ளைகள் மிகுந்த நாட்டிலே இது வரவேற்கத்தக்க செய்தி. ஆனால் வயதுக்கேற்ற நிறையில்லாத மெலிந்த பிள்ளைகள் எமது ஊர்களிலே பலர். அத்தகைய பிள்ளையின் உணவிலே மரக்கறியைக் கலக்கும்போது, குறையும் கலோரியை வேறு வழியால் ஈடுசெய்தல் அவசியம். பருப்பு, முட்டை, தேங்காய்ப்பால், நல்லெண்ணெய் என்பவற்றுள் ஒன்றை உடன் சேர்த்தால் அக்குறை நீங்கும். கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தே உடலிற் சுவறுவதால், தேங்காய்ப்பாலும் எண்ணெயும் இருமடங்கு உதவி புரிகின்றன.

செய்து பார்க்கச் சில உணவுகள்

பூசணித் தோசை: யாழ்ப்பாணத்துத் தோசை மஞ்சள் சேர்த்துத் தாளிதமும் கலந்து சுடப்படுவதால் பூசணியின் நிறம் அதில் வேறாகத் தெரிவதில்லை. இரவே அரைத்துக் கரைத்துப் புளிக்கவைத்த மா ஐந்து சுண்டு எடுத்துக்கொள்க. தோல் நீக்கிய பூசணியை ஆவியில் அவித்து, நன்றாக மசித்து, ஒரு சுண்டு அளவு காலையிலே மாவுடன் கலக்கவும். பூசணியில் நீர் உண்டாகையால் மாவை முதலிலேயே சற்றுத் தடிப்பாகக் கரைத்திருத்தல் வேண்டும். வெங்காயம், செத்தல் மிளகாய், சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிச் சுடுக. ஒரு சுண்டுக்கு மேற் கூட்டினால் தோசை கல்லிலே ஒட்டும்; பிள்ளையும் கண்டுபிடித்துவிடும்.

கரட் கரைந்த பருப்புக் கறி: மைசூர்ப் பருப்பு ஒரு சுண்டுக்குத் துருவிய கரட் அரைச் சுண்டு போதும். இரண்டையும் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளுடன் ஒன்றாக அவியவிட்டு, பருப்பு மலர்ந்ததும் அகப்பையால் மசித்து, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குக. பருப்பின் நிறமும் கரட்டின் நிறமும் ஒன்றிவிடும். இளங்குழந்தைகளுக்குச் சோற்றோடு குழைத்தூட்ட இதனினும் எளியது இல்லை.

கீரைப் பிட்டு: வறுத்த அரிசி மாவும் அவித்த கோதுமை மாவுமாக மூன்று சுண்டு எடுத்து, உப்பிட்டுக் கொதிநீர் விட்டுக் குழைத்துச் சிறு மணிகளாகக் கொத்துக. நுண்ணிதாக அரிந்த முருங்கையிலை அல்லது பொன்னாங்காணி ஒரு சுண்டும், தேங்காய்ப்பூ ஒரு சுண்டும் கலந்து நீத்துப்பெட்டியில் அவிக்கவும். முதல் நாள் கீரையைக் கால் சுண்டளவே சேருங்கள். கிழமைக்குக் கிழமை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

மரக்கறி ரொட்டி: கோதுமை மா இரண்டு சுண்டு, தேங்காய்ப்பூ ஒரு சுண்டு, துருவிய கரட்டும் மெல்லியதாக அரிந்த லீக்ஸும் சேர்ந்து ஒரு சுண்டு, சிறிது வெங்காயம், உப்பு. மரக்கறியை உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பின் மாவைச் சேர்த்தால் அதன் நீரே பெரும்பாலும் குழைக்கப் போதுமாகும். பாடசாலைக்குக் கட்டிக்கொடுக்கவும் ஏற்றது. ஆறினாலும் கெட்டியாவது குறைவு.

மீன் கட்லட்: வழக்கமாகச் சேர்க்கும் உருளைக்கிழங்கிற் பாதியைக் குறைத்து, அவித்து மசித்த கரட்டும் போஞ்சியும் அவ்வளவுக்குச் சேர்க்கலாம். மசித்ததைத் துணியிலிட்டு நீரைப் பிழிந்துவிட்டாற் கட்லட் உடையாது. பிழிந்த நீரை வீசாமற் சொதியிலே விடுங்கள். சைவ வீடுகளில் மீனுக்குப் பதிலாக அவித்த கௌபியை மசித்துச் சேர்ப்பது மிகப் பொருத்தம்.

சத்துக் கெடாமற் சமைத்தல்

மறைப்பதற்காக மரக்கறியை நெடுநேரம் வேகவைத்து, நீரை வடித்து ஊற்றி, எஞ்சிய சக்கையைக் கலப்பதிற் பெரும் பயனில்லை. விற்றமின் சி வெப்பத்தால் அழிவது, நீரிலும் கரைவது. ஆகையால் ஆவியில் அவிப்பதும், அவித்த நீரைக் கறியிலேயே பயன்படுத்துவதும் நன்று. மசித்ததை வடிகட்டினால் நார்ப்பொருள் போய்விடும், வடிகட்டாமலே சேருங்கள். கீரையை முழு இலையாகக் கழுவிய பின் அரிதல் வேண்டும். அரிந்து கழுவினாற் சத்தும் நீரோடு போகும்.

கீரை வறையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி பிழியும் பழைய வழக்கத்தில் ஆழ்ந்த பொருள் உண்டு. தேசிக்காயின் விற்றமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிகிறது. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அவ்விற்றமினில் ஒரு பகுதி வீணாகும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தாலோ இதற்கு மாறாக நிகழும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் வீடுகளில் உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரமாவது செல்லவிடுதல் நலம்.

மறைப்புக்கும் ஓர் எல்லை

இனி, முன்னர் நிறுத்திவைத்த வேறுபாட்டுக்கு வருவோம். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டிலே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். மரக்கறி என்ற சொல்லைக் கேட்டாலே வாயை இறுக மூடிக்கொள்வான். தாய் அவனுக்குப் பல மாதங்களாகத் தோசை மாவிலே பூசணியும் பருப்பிலே கரட்டும் கலந்து கொடுத்து வந்தாள். பிள்ளையின் முகத்திலே தெளிவு வந்தது, தாய்க்கும் மனநிறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தபோது, தாய் மஞ்சள் நிறக் களியை மாவுக்குள் வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலே பூசணிக்காயின் மற்றப் பாதி கிடந்தது.

"அம்மா, ஒவ்வொரு நாளும் இதைப் போட்டனீங்களோ?" என்று கேட்டான்.

"இல்லை ராசா, இண்டைக்கு மட்டுந்தான்" என்றாள் தாய், திடுக்குற்று.

அவன் நம்பவில்லை. அன்று தோசையைத் தொடவுமில்லை. மறுநாள் முதல் எதைக் கொடுத்தாலும் பிட்டுப் பிரித்துப் பார்த்தான். இடியப்பத்தையும் இழை இழையாக விலக்கிச் சோதித்தான். விருப்போடு உண்டுவந்த பருப்பும் தள்ளுண்டது. மூன்று கிழமைக்குள் அவன் மெலிந்தது கண்டு தாய் கலங்கினாள். மரக்கறி போனதைவிட, தன் கையால் ஊட்டும் உணவைப் பிள்ளை ஐயுறுகிறான் என்பதே அவளை வருத்தியது.

ஊரிலிருந்து அம்மம்மா வந்தாள். நடந்ததைக் கேட்டவள் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளை, மா கரைக்கிறதை நீ அவனுக்குக் காட்டத் தேவையில்லை. ஆனால் அவன் கேட்டால் உள்ளதைச் சொல்லிப்போடு" என்றாள்.

அன்றிரவு தாய் மகனை அருகிலே இருத்தி, "ராசா, அண்டைக்கு நான் சொன்னது பொய். கனநாளாய்ப் போட்டுத்தான் சுட்டனான். நீ நல்லாய் வளரவேணும் எண்டுதான்" என்றாள். சிறுவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்ப நான் பூசணிக்காய் தின்னுற பிள்ளையோ?" என்று கேட்டான். தாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாட் காலை அம்மம்மா முருங்கைக் கொப்பு ஒன்றை முறித்து வந்து, சுளகிலே வைத்து, இலை உருவும் வேலையை அவனிடம் ஒப்படைத்தாள். உருவிய இலையைத் தாச்சியிலே தூவியவனும் அவனே. இறக்கிய வறையில் இரண்டு வாய் தின்றான். பூசணித் தோசையும் பெயர் சொல்லியே மீண்டும் வந்தது. கத்தரிக்காயை அவன் இன்றுவரை தொடுவதில்லை, அது இருக்கட்டும்.

அந்த மூதாட்டியின் சொல்லே இவ்விடயத்தில் நாம் கைக்கொள்ளத்தக்க விதி. மரக்கறியைக் கண்ணுக்கு மறைக்கலாம், கேள்விக்கு மறைக்கலாகாது. துருவியதும் மசித்ததும் சமையல். கேட்ட பிள்ளைக்கு இல்லையென்று சொல்வது பொய். சமையலிலே மறைந்ததைப் பிள்ளை பின்னர் நகைத்து ஏற்றுக்கொள்ளும். பொய்யைக் கண்டுகொண்ட பிள்ளை, தாயின் கையையே ஐயுறத் தொடங்கும்.

பெரியோர் விடயத்தில் இவ்விதி இன்னும் முக்கியமானது. ஒரே பானையில் உண்ணும் வீடுகளிலே சிறுநீரக நோய் முற்றியவர் இருக்கலாம். பொற்றாசியம் மிகுந்த கீரைகளையும் சில காய்களையும் மருத்துவர் அவருக்குக் கட்டுப்படுத்தியிருப்பார். குருதி உறையாதிருக்க வார்பரின் உட்கொள்பவருக்குக் கீரையின் அளவு நாளுக்கு நாள் மாறுவது தீங்காகும். இத்தகையோருக்கு உணவில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கேட்குமுன்பே சொல்லுதல் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளை உண்ண வரும்போதும் அதற்கு ஒவ்வாத உணவு உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிக.

மறைவிலிருந்து வெளியே

மறைத்துக் கொடுப்பது இன்றைய உணவுக்கு உதவும். நாளை அப்பிள்ளை வளர்ந்து, பல்கலைக்கழக விடுதியிலோ வேலை பார்க்கும் ஊரிலோ தானே உணவைத் தெரிவுசெய்யும் காலத்தில், தாய் மாவிலே கலந்துகொடுக்க உடன் இருக்கமாட்டாள். மரக்கறியை மரக்கறியென்று அறிந்து விரும்பும் பழக்கமும் வளர்தல் வேண்டும்.

அதற்கு வழி பொறுமைதான் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. லீயன் பேர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982 ஆம் ஆண்டில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைப் பலமுறை சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். சில உணவுகள் இரண்டே முறை கொடுக்கப்பட்டன. சில இருபது முறை வரை. அடிக்கடி சுவைத்தவற்றையே குழந்தைகள் கூடுதலாக விரும்பின. உணவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் அதன் சுவை பிடித்துவிடுவதில்லை என்பதும், நாவிலே படவேண்டும் என்பதும் அவர் 1987 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலே தெரிந்தன. நாமோ இரண்டு மூன்று முறை தள்ளியவுடன், "இவனுக்கு இது பிடியாது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

பழக்கம் பிறக்கும் முன்னரே தொடங்குகிறது என்பதும் வியப்புக்குரியது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டிய காலத்திலோ கரட் சாறு பருகிவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கரட் சுவையுள்ள உணவை முகஞ்சுளியாமல் ஏற்றன என்று ஜூலி மெனெல்லா என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2001 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள் கீரையைத் தமக்காக மட்டும் உண்பதில்லை.

ஆகவே இல்லத்திலே இவ்வாறு செய்து பார்க்கலாம். ஒவ்வொரு வேளையிலும் ஏதேனும் ஓர் உணவிலே மரக்கறி கரைந்திருக்கட்டும். அதே வேளையில், பீங்கானிலே ஒரு தேக்கரண்டியளவு மரக்கறி வெளிப்படையாகவும் இருக்கட்டும். அதனை உண்ணும்படி அச்சுறுத்தவும் வேண்டாம். உண்டால் மிட்டாய் தருவேன் என்று விலை பேசவும் வேண்டாம். விலை பேசும்போது மிட்டாய் உயர்ந்தது, மரக்கறி தாழ்ந்தது என்ற பாடத்தையே பிள்ளை கற்கிறது. மசித்துக் கலப்பதிலிருந்து துருவிக் கலப்பதற்கும், பின்னர் சிறு துண்டுகளாக அரிந்து சேர்ப்பதற்கும் மாதக் கணக்கில் மெல்ல நகருங்கள்.

தந்தையருக்கும் இதிலே பங்குண்டு. தம் பீங்கானிலே கீரையை ஒதுக்கிவிட்டு மகனை அதட்டும் தந்தையின் சொல்லுக்கு எப்பயனும் விளையாது. வீட்டோடு ஒன்றாயிருந்து உண்ணும் ஒரு வேளையாவது நாளுக்கு இருத்தல் வேண்டும். பிள்ளைகளை, ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே, சந்தைக்கும் அடுக்களைக்கும் அழைத்துச் செல்லுங்கள். திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ அவர்களே ஒரு மரக்கறியைத் தெரிந்தெடுக்கட்டும். வளவிலே இடமிருந்தால் ஒரு பசளிக் கொடியையும் ஒரு பொன்னாங்காணிப் பாத்தியையும் அவர்கள் பொறுப்பிலே விடுங்கள். தான் நீர் ஊற்றி வளர்த்த கீரையைச் சுவைத்துப் பார்க்கப் பிள்ளையின் மனம் எளிதில் இணங்கும்.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். நாளை தோசையிலே மஞ்சள் சற்றுக் கூடியிருக்கக் கண்டால் முகத்தைத் திருப்பாதீர்கள். அம்மாவிடம் கேளுங்கள். அவள் உண்மையைச் சொன்னால், விடியுமுன் எழுந்து பூசணியை அவித்து மசித்த அந்தக் கைகளுக்காக இன்னும் ஒரு தோசை கேட்டு வாங்குங்கள். பீங்கானின் ஓரத்து மதில் ஒரே நாளிலே இடிந்துவிடாது. நாளுக்கொரு கல்லாகக் கழன்றாலும் போதும்.